சப்பாத்து மலை

மலைக்கு வழி கேட்டோம். செருப்புக்கடைக்கு வழி சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு, திருநெல்வேலி ரோட்டில் ஒரு டீக்கடை வாசலில் இது நடந்தது.

"சப்பாத்துன்னா ஷூதான? ஷூ வாங்கணும்னா பஸ் ஸ்டாண்டு பக்கம் போகணும். இங்கன ஏது?" என்றார் டீக்கடை அண்ணாச்சி.

தப்பு எங்கள் மேல்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு அது சப்பாத்து மலை. கடலில் ஆறேழு மைல் தள்ளி வள்ளத்தில் நின்று மேற்கே பார்த்தால், குதிகால் உயர்ந்த பழைய காலத்துச் சப்பாத்து ஒன்றைத் தரையில் வைத்த மாதிரி தெரியுமாம். அந்தக் குதிகாலையும் எங்கள் மாதா கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் வள்ளத்துக்கு நேர் கீழே பார். பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. அந்தக் காலத்தில் முத்துச்சிப்பி கிடந்த இடம். இப்போது அதை ஒட்டிய மணலில் சங்கு எடுக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையை அடையாளம் பார்த்தே பிழைத்த ஜனத்துக்கு, தரையில் இருக்கிறவர்கள் அதற்கு வேறு பெயர் வைத்திருப்பார்கள் என்று தோன்றவே இல்லை.

என் வீட்டுக்காரர் ரோச், காற்றில் விரலால் மலையை வரைந்து காட்டினார். குதிகால், நடுவில் பள்ளம், முன்பக்கம் சரிவு. கடைக்காரருக்கு அப்போதும் புரியவில்லை. "மேல ராசா உக்காந்து கடலப் பாத்த எடம் இருக்காம்லா" என்று என் தம்பி ரெக்சன் எடுத்துக் கொடுத்ததும் அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"ராஜா மேடைன்னு சொல்லுங்க. அத விட்டுட்டு சப்பாத்து செருப்புன்னுட்டு. ஆட்டோ வரும், நில்லுங்க."

ஆட்டோ ஏறி, அடிவாரத்தில் இறங்கி நிமிர்ந்து பார்த்தால் சப்பாத்து எங்கேயும் இல்லை. சும்மா ஒரு கல்மலை. ரோச் அதை நம்பாமல் அப்படியும் இப்படியும் நடந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது.

நான் எமில்டா. துறைமுகத்துக்கு எதிரே ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ரோச்சுக்கு நாற்பத்தாறு வயசு. பத்தொன்பது வயசிலிருந்து சங்கு குளிக்கிறார். அவர் தாத்தா மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். இவர் காற்று வருகிற கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குகிறார். குழாய்தான் புதுசு. இடுப்புக் கயிறு அதே பழைய கயிறு. கயிற்றின் மறு நுனியைப் பிடிக்கிற ஆளும் பழைய வழக்கப்படிதான்: பெண்டாட்டியின் அண்ணன் அல்லது தம்பி. கூடப்பிறந்தவளின் தாலியை எவனும் கைநழுவ விடமாட்டான் என்ற கணக்கு. எங்கள் கல்யாணத்தன்று, கோயிலில் மோதிரம் மாற்றின கையோடு, என் அப்பா பதினெட்டு வயசு ரெக்சனைக் கூப்பிட்டு, "இனி அத்தான் கயிறு ஒனக்கு" என்றார். அன்றிலிருந்து இருபது வருஷமாக அவன்தான் பிடிக்கிறான்.

மலைக்குப் போகலாம் என்று சொன்னது ரோச். வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று, "இருவத்தேழு வருசமா அங்கனருந்து அதப் பாக்கேன். ஒரு தடவ அது மேல நின்னு அங்கன பாக்கணும் எமில்டா" என்றார். எனக்கு வாயெல்லாம் பல். கல்யாணமான இருபது வருஷத்தில் வேளாங்கண்ணியும் உவரியும் தவிர என்னை எங்கேயும் கூட்டிப்போகாத மனுஷன். அதுவும் திங்கட்கிழமையிலிருந்து ஆழப் பாருக்குப் போகப்போகிறார்கள். பன்னிரண்டு பாகம், எழுபது அடிக்கு மேலே. இந்த சீசனில் இதுவரை அவ்வளவு ஆழம் இறங்கவில்லை. அதற்கு முன்னால் ஒருநாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று எலுமிச்சைச் சோறும் மாசிக் கருவாட்டுத் துவையலும் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் ஒரு மடைச்சி.

படிகள் இருநூறுக்கு மேல். ராஜா பல்லக்கில் போனாராம், நமக்குக் கால்தான். ரோச் ஒரு கையால் பக்கச் சுவரைத் தடவிக்கொண்டே ஏறினார். பேசிக்கொண்டே நான் அவருடைய வலதுபக்கம் வந்தபோதெல்லாம் ஒரு படி நின்று, என்னை இடதுபக்கம் மாற்றிக்கொண்டார். இரண்டு தடவை செய்தார். மூன்றாவது தடவை, "என்ன இது, பொண்ணு மாப்பிள்ள போட்டோவுக்கா நிக்கோம்?" என்று கேலி செய்தேன். "அந்தப் பக்கம் வெயிலு ஏளா" என்றார். வெயில் இரண்டு பக்கமும்தான் இருந்தது. ஆனால் அதை அப்போது யோசிக்கவில்லை. பின்னால் வந்த ரெக்சன் வாயைத் திறக்கவே இல்லை. வழக்கமாக அவன் இருக்கிற இடத்தில் நமக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது.

உச்சியில் ஒரு பெரிய கல்மேடை. வழவழவென்று தேய்ந்துபோன இருக்கை. அதற்கு இடப்பக்கம் சின்னதாக இன்னொன்று, ராணிக்கு. ஓரத்தில் இடுப்புயரக் கம்பி. அதிலும் பாதி பெயர்ந்து கிடந்தது. டிக்கெட் கிழிக்கிற வேதமணி என்ற பெரியவர்தான் கதையும் சொன்னார். முத்துக்குளிப்பு நடக்கிற மாசத்தில் ஜமீன் ராஜா பரிவாரத்தோடு வந்து இங்கே உட்கார்வாராம். தூரக்கண்ணாடியை வைத்துக் கடலில் நிற்கிற வள்ளங்களை எண்ணுவாராம். அத்தனை வள்ளத்திலும் ராஜாவுக்கென்று ஒரு கல் குளிப்பு உண்டாம். கல் என்றால் ஒரு ஆள் காலில் கல்லின் பாரத்தோடு இறங்கி ஏறுவது; அவன் எடுக்கிற சிப்பி ராஜாவுக்கு.

"இங்கன உக்காந்து மோரு குடிச்சிட்டே எண்ணுனாராக்கும்" என்றேன் நான். ராஜாக்கள் மேல் எனக்கு எப்போதும் பெரிய மரியாதை கிடையாது.

ரோச் சிரிக்கவில்லை. "இறங்குனவங்கள எண்ணுனாரு, சரி. ஏறாதவங்கள எண்ணுனாரா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் போர்டுல எழுதல அண்ணாச்சி" என்றார் வேதமணி.

வேதமணி பத்து ரூபாய்க்கு ஒரு பைனாகுலர் வாடகைக்கு வைத்திருந்தார். ரோச் அதை வாங்கிக் கண்ணில் வைத்துக் கிழக்கே பார்த்தார். துறைமுகத்து கிரேன்கள், புகைபோக்கிகள், உப்பளத்து வெள்ளை, அதற்கப்பால் கடல். கோபுரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "அந்தா இருக்கு. அதுக்கு நேரா போனா நம்ம பாரு. எமில்டா, அங்கனதான் நான் கெடக்கேன் தெனமும்" என்று சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. பைனாகுலரை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். திரும்பினவர் நிற்கவில்லை. அப்படியே ஒருபக்கமாகச் சாய்ந்து, கம்பி பெயர்ந்து கிடந்த இடத்தைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தார். ரெக்சன் பாய்ந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துப் போட்டான்.

நான் போட்ட சத்தத்தில் வேதமணி டிக்கெட் கட்டைக் கீழே போட்டுவிட்டார். ரோச் ராஜாவின் கல் இருக்கையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கிடந்தார். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். முகத்தைத் தண்ணீரால் துடைத்துவிட்டேன்.

"பித்தம். காலைல தின்ன பூரி சரியில்ல" என்றார்.

"வெயிலுல ஏறுனா சிலருக்கு இப்படி வரும்மா" என்றார் வேதமணி.

நானும் பூரி என்றே நம்பியிருப்பேன். ஆனால் அப்போது ரெக்சன் முகத்தைப் பார்த்தேன். நானும் வேதமணியும் பதறினோம், அவன் பதறவில்லை. எந்தப் பக்கம் சாய்வார், எங்கே பிடிக்க வேண்டும் என்று முன்னமே தெரிந்தவன் மாதிரி பிடித்திருந்தான். ரோச்சைக் கல்லில் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, தம்பியின் சட்டையைப் பிடித்து அங்கே நின்ற ஒரு வேப்பமரத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"எத்தன நாளாத் தெரியும்லே?"

"என்னதுக்கா?"

"என்னதுன்னு கேக்காத. சொல்லு."

அவன் மரத்துப் பட்டையை நகத்தால் பிய்த்தான். "ரெண்டு மாசம்."

வலது காது கிழிந்துவிட்டதாம். ஒருநாள் மேலே வரும்போது காதிலிருந்து ரத்தம். பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போயிருக்கிறார்கள். எனக்குச் சொன்னது, வள்ளத்துக்கு மோட்டார் சாமான் வாங்கப் போகிறோம் என்று. கேட்கிற சக்தி போய்விட்டது, அது போகட்டும். ஆளை நிலையாக நிறுத்துகிற நரம்பும் கெட்டுவிட்டது, இனி கடலுக்குள் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம்தான் இவர் இரண்டு மாசமாக இறங்கிக்கொண்டிருக்கிறார்.

"போன புதன்கிழம மேல வாரேன்னு கயித்த ஆட்டுனாரு" என்றான் ரெக்சன். "மேல வந்தா கயிறு தொய்யணும்லாக்கா. தொய்யல. கீழ இழுக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல. கண்ண மூடிட்டு இழுத்தேன். மேல வாரதா நெனச்சிக்கிட்டு கீழ நீந்திருக்காரு. எது மேல எது கீழன்னே தெரியல அவருக்கு."

என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதாலேயே அவன் தோளில் அடித்தேன். ஒரு அடி இல்லை, நாலைந்து. அவன் தடுக்கவில்லை.

"என்னத்துக்குலே ஒங்கையில குடுத்திருக்கு கயித்த? ஊருல வேற ஆளா இல்ல? ஒங்கக்கா தாலி அறுத்துட்டு நிக்கக்கூடாதுன்னுதான? தெரிஞ்சே எறக்கிருக்கியே, நீ மனுசனா?"

"பிடிக்க மாட்டேன்னு சொன்னேன்க்கா." அவன் குரல் உடைந்துவிட்டது. "டாக்டரப் பாத்துட்டு வந்த அன்னைக்கே சொன்னேன். சரி மாப்ள, நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்னுட்டாரு. மறுநாளே ஹார்பர்ல மூட தூக்குத ஒருத்தனக் கூட்டிட்டு வந்துட்டாரு. அவன் ஒரு கையில கயித்தப் பிடிச்சிட்டு மறு கையில போனப் பாக்கான். நான் கரையில நின்னு எப்படிப் பாத்துட்டு இருக்க? அவங்கிட்டருந்து பிடுங்கிட்டேன்."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னா நீ சண்ட போடுவ. அவரு கோவிச்சிட்டு என்னையும் விட்டுட்டுப் போவாரு. நான் பிடிச்சா இழுத்தாவது போடுவேன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு பன்னெண்டு பாகம். அவ்வளவு கயித்தையும் நான் இழுத்து முடிக்கதுக்குள்ள... எனக்குப் பயமா இருக்குக்கா."

அடித்த கையாலேயே அவன் தலையைப் பிடித்து என் தோளில் வைத்துக்கொண்டேன். அவன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. போன கோபம் முழுவதும் கல்லில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மனுஷன் மேல் ஏறியது. கூடவே பயமும். இவர் மலை பார்க்க வரவில்லை, விடைபெற வந்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. எதனிடமிருந்து என்பதுதான் தெரியவில்லை. கடலிடமிருந்தா, எங்களிடமிருந்தா?

நேராகப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். அதுதான் என் குணம். ஆனால் ரோச்சிடம் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாரும் இல்லை. சரி சரி என்பார். சிரிப்பார். வெள்ளென மூன்று மணிக்கு நான் தூங்கும்போது எழுந்து போய்விடுவார். இருபது வருஷமாக எனக்குப் பழக்கம்.

வள்ளம் கொரைரா அண்ணாச்சியுடையது. அவர் வேண்டாம் என்று சொன்னால் ரோச்சுக்கு வள்ளம் இல்லை. அவருக்குத் தெரிந்தால் கடற்கரை முழுவதும் தெரியும். வேறு எந்த வள்ளத்திலும் ஏற்றமாட்டார்கள். காது செத்த ஆள் என்ற பெயர் நிலைத்துவிடும். பெரிய பாரில் இவரைப்போல் சங்கு எடுக்க ஆள் இல்லை என்ற பெயரை வைத்துக்கொண்டுதான் இந்த மனுஷன் தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். அதை நான் ஒரு போனில் பிடுங்கப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

திரும்பிப் போய் அவருக்கு வலதுபக்கமாக, ராணியின் இருக்கைக்கு எதிர்ப்பக்கம் தரையில் உட்கார்ந்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்குப் போகாதீங்க" என்றேன், மலைக்காற்றின் இரைச்சலுக்கு நடுவே, சாதாரணமாகப் பேசுகிற சத்தத்தில். திரும்பவில்லை. "நீங்க செத்துப் போனா நான் என்ன செய்வேன்?" என்றேன். திரும்பவில்லை. ஒரு முழம் தள்ளித்தான் அவர் காது இருந்தது. மறைவாகப் போய் நின்று போன் போட மனசு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே கொரைரா அண்ணாச்சியைக் கூப்பிட்டேன்.

"அண்ணாச்சி, நான் எமில்டா பேசுதேன்."

"சொல்லு பிள்ள. ரோச்சக் காலைல மூணு மணிக்கே வரச் சொல்லிரு. நாளைக்கு தூரமாப் போகணும்."

"அவுக வரமாட்டாக அண்ணாச்சி. வலது காது கிழிஞ்சிட்டு. எறங்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. ரெண்டு மாசமாச்சு."

"இத அவன் சொல்லச் சொன்னானா, நீயா சொல்லுதியா?" என்றார்.

"அவுகதான் சொல்லச் சொன்னாக" என்றேன். காலையில் திருப்பலிக்குப் போகாமல் மலைக்கு வந்த பாவத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டேன்.

"காதுதான பிள்ள? காது கேக்கிற சங்குக்காரன் நம்ம கடக்கரையில எத்தன பேரு இருக்கான்? நல்லா அடச்சிக்கிட்டு எறங்க வேண்டியதுதான். சரி, நான் சாயங்காலம் அவங்கிட்ட பேசிக்கிடுதேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

போனை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய காரியம் செய்தும் ஒன்றும் நடக்கவில்லை. வேதமணி தூரத்தில் யாரோ காலேஜ் பிள்ளைகளுக்கு ராஜா கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ரெக்சன் எங்களுக்கு எதிரே வந்து நின்று, என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கொரைரா என்ன சொல்லுதாரு?" என்றார் ரோச்.

கடலைப் பார்த்தபடியேதான் கேட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. எழுந்து அவருடைய இடதுபக்கம் போனேன்.

"ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல. இவன் மூஞ்சி இருக்கே, அதுல எழுதிக் கெடக்கு." ரெக்சனைத் தாடையால் காட்டினார். "நீ போனு போடுவன்னு தெரியும். எப்பவோ ஒருநா போடுவன்னு பாத்துட்டுதான் இருந்தேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நானும் திருப்பித் திட்டியிருப்பேன்.

"தல சுத்துததையும் சொன்னியா?" என்றார்.

"இல்ல. காதுன்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அடச்சிட்டு வரச் சொன்னாரா?"

"ம்."

"புதன்கிழம கீழ போனத?"

"அதையும் சொல்லல."

கல்லில் கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இருபது வருஷத்தில் அந்த மனுஷன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை; அன்றைக்கு என்னிடம் கேட்டார்.

"அதெல்லாம் சொன்னாத்தான் விடுவாரு ஏளா. இல்லன்னா சாயங்காலம் கூப்பிடுவாரு. கூப்பிட்டா நான் போயிருவேன். எனக்கு மாட்டேன்னு சொல்ல வராது. இன்னொருக்கா போடு."

மறுபடியும் அந்த நம்பரைப் போட்டேன். அந்தப் பக்கம் மணி அடிக்க ஆரம்பித்ததும் ரோச் இடது கையைத் தூக்கி, தனக்குக் கேட்கிற காதைப் பொத்திக்கொண்டார்.